உணவுப் பொருள்களில் முன்பேர வர்த்தகம்: கட்டுப்பாடு போதுமா?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2021 டிசம்பர் 20 அன்று செபி அமைப்பு ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழு பொருள்களிலும், கடுகு, சோயா ஆகியவற்றின் எண்ணெய் முதலான துணைப் பொருள்களிலும் முன்பேர வர்த்தகம் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. காலக்கெடு முடியும் தறுவாயில் அது நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கெடு நெருங்கும் வேளையில் வர்த்தக மையங்களும் தரகு நிறுவனங்களும் நிதியமைச்சகத்தின் கதவைத் தட்டுகின்றன. “தடையை நீக்குங்கள், விவசாயிக்கு விலை தெரியாமல் போகிறது” என்பது அவர்கள் வைக்கும் வாதம்.

அரசு இந்த வாதத்தை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. தடையை நிரந்தரமாக்கும் சட்டம் எதையும் அது கொண்டுவரவில்லை. விலைவாசி ஏறினால் மக்கள் கோபத்துக்கு அஞ்சித் தடையை நீட்டிப்பது, கோபம் தணிந்தால் சந்தையைத் திறந்துவிடுவது என்ற ஊசலாட்டமே 2003 முதல் இந்தியாவின் கொள்கையாக இருந்து வருகிறது. மத்தியில் ஆட்சி செய்த கூட்டணிகள் மாறின, ஊசலாட்டம் மாறவில்லை. இதன் பின்னணியைப் புரிந்துகொள்ளாமல், விலைவாசி உயர்வுக்கு எதிரான இயக்கத்தையோ, குறைந்தபட்ச ஆதரவு விலைக்கான போராட்டத்தையோ முழுமையாக நடத்த இயலாது.

முன்பேர ஒப்பந்தம் என்றால் என்ன?

அறுவடைக்கு முன்பே விலை பேசிக்கொள்வது பழைய வழக்கம். விதைக்கும்போதே வியாபாரியிடம் கடன் வாங்கி, அறுவடையை அவரிடமே ஒப்படைப்பதாக வாக்குக் கொடுக்கும் விவசாயியை எல்லாக் கிராமங்களும் அறியும். வர்த்தக மையத்தில் நடைபெறும் முன்பேரம் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பொருளின் தரம், அளவு, ஒப்படைக்கும் மாதம், ஒப்படைக்கும் கிடங்கு அனைத்தும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளன. விலை ஒன்றே பேரத்துக்கு உரியது. ஒப்பந்தத்தை வாங்கியவர் கெடுவுக்கு முன்பே அதை மற்றொருவருக்கு விற்றுவிடலாம். எனவே கோதுமையைக் கண்ணால் காணாதவரும் கோதுமையை வாங்கி விற்க முடிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கோதுமையின் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்றும், ஓர் ஒப்பந்தம் 10 டன் என்றும் கொள்வோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 2,50,000 ரூபாய். மார்ஜின் எனப்படும் பிணைத்தொகை பத்து விழுக்காடு என்றால், 25,000 ரூபாய் செலுத்துகிற ஒருவர் இரண்டரை லட்ச ரூபாய்க் கோதுமையின் மீது பந்தயம் கட்டுகிறார். விலை ஐந்து விழுக்காடு ஏறினால் அவருக்கு 12,500 ரூபாய் கிடைக்கும்; அதாவது போட்ட பணத்தில் பாதி சில நாட்களில் லாபமாகத் திரும்புகிறது. விலை அதே அளவு இறங்கினால் பாதி போய்விடும். கோதுமையின் விலையில் ஏற்படும் சிறு அசைவு, பணத்தின் உலகில் பத்து மடங்காகப் பெருகுகிறது. ஊக வணிகரை இங்கே ஈர்ப்பது இந்தப் பெருக்கமே.

இந்தச் சந்தையை ஆதரிப்போர் இரண்டு பயன்களைக் கூறுகின்றனர். முதலாவது, விலை மாற்றத்தின் அபாயத்திலிருந்து காப்பு. மாவு ஆலை நடத்துபவர் மூன்று மாதத்துக்குப் பிறகு தேவைப்படும் கோதுமையின் விலையை இன்றே உறுதி செய்துகொள்ள முடியும். இரண்டாவது, விலையைக் கண்டறிதல். வருங்காலத் தேவையையும் விளைச்சலையும் பற்றிப் பலரும் வைத்திருக்கும் தகவல்கள் ஒரே விலையாகத் திரள்கின்றன என்கிறார்கள். பொருளை உண்மையில் வாங்குவோரும் விற்போரும் மிகுந்துள்ள சந்தையில் இந்தப் பயன்கள் ஓரளவு இருக்கக்கூடும். பொருளோடு தொடர்பற்ற நிதி மூலதனம் அந்தச் சந்தையை ஆக்கிரமிக்கும்போது அவை என்னவாகின்றன என்பதே கேள்வி.

1910-இல் வெளியான ‘நிதி மூலதனம்’ என்ற நூலில் ஹில்பர்டிங் சரக்குப் பரிவர்த்தனை மையங்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அதற்கு முன்பே ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் கற்பனை மூலதனத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருந்தார். உற்பத்தியில் ஈடுபடாமல், உற்பத்தியின் மீதான உரிமைச் சீட்டுகளை மட்டும் கைமாற்றி லாபம் தேடும் மூலதனம் புதிதாகப் பிறந்தது அன்று. ஆனால் ஏழையின் உலைக்குப் போகும் பருப்பின் விலையை ஒரே நாளில் தொடும் வேகம் அதற்குக் கணினித் திரையின் வழியே வந்து சேர்ந்தது.

தடையிலிருந்து தாராளத்துக்கு

இந்தியாவில் ஒழுங்கமைந்த முன்பேர வர்த்தகம் 1875-இல் நிறுவப்பட்ட பம்பாய்ப் பருத்தி வணிகச் சங்கத்தோடு தொடங்கியது. பின்னர் எண்ணெய் வித்துக்கள், சணல், கோதுமை, தங்கம் எனப் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது பற்றாக்குறையும் பதுக்கலும் தலைவிரித்தாடியதால், ஆங்கிலேய அரசே இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதனைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஏகாதிபத்திய அரசுக்கும் படைகளுக்கு உணவு தேவைப்பட்டபோது ஊக வணிகத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டம் பங்குச் சந்தைகளையும் முன்பேரச் சந்தைகளையும் ஒன்றிய அரசின் பட்டியலில் சேர்த்தது. 1952-இல் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. 1953-இல் முன்பேரச் சந்தைகள் ஆணையம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. எந்தப் பொருளில் வர்த்தகத்தை ஒழுங்குபடுத்துவது, எந்தப் பொருளில் அறவே தடை செய்வது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. ஆப்ஷன் வகை ஒப்பந்தங்கள் முழுமையாகத் தடை செய்யப்பட்டன. 1960-களில் போர், வறட்சி, விலையேற்றம் ஆகியவை தொடர்ந்து வந்தபோது பெரும்பாலான முக்கியப் பொருள்களில் முன்பேரம் நிறுத்தப்பட்டது. உணவுக் கழகம், கொள்முதல், நியாயவிலைக் கடை ஆகியவை விரிவடைந்த காலமும் அதுவே. ஊக வணிகத்தின் மீதான தடையும் பொதுக் கொள்முதலும் ஒரே கொள்கையின் இரண்டு கைகளாக இருந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நவதாராளமயக் கொள்கை வந்த பிறகு இந்த இரண்டு கைகளும் ஒருசேரத் தளர்ந்தன. 1993-இல் அமைக்கப்பட்ட காப்ரா குழு, பதினேழு பொருள்களில் முன்பேரத்தை அனுமதிக்கலாம் என்றது. வாஜ்பாய் அரசு அதைவிட வெகுதூரம் சென்றது. 2003 ஏப்ரலில் 54 பொருள்கள் மீதான தடை ஒரே அறிவிக்கையில் நீக்கப்பட்டது. அரிசி, கோதுமை, பருப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் அடக்கம். அந்த ஆண்டு முடிவதற்குள் எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். ஆகிய நாடு தழுவிய மின்னணு வர்த்தக மையங்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் எதுவும் விவாதிக்கப்படவில்லை. அரை நூற்றாண்டுக் கொள்கை நிர்வாக அறிவிக்கையால் மாற்றப்பட்டது.

விளைவு தெரிய நெடுங்காலம் ஆகவில்லை. 2006-07 பருவத்தில் தனியார் பெருநிறுவனங்கள் கோதுமைச் சந்தையில் நேரடியாக இறங்கின. அரசின் கோதுமைக் கொள்முதல் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 148 லட்சம் டன்னிலிருந்து 92 லட்சம் டன்னாகச் சரிந்தது. உலகில் முன்னணிக் கோதுமை உற்பத்தி நாடு கோதுமையை இறக்குமதி செய்தது. விலைவாசி உயர்வுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எழுப்பிய குரலின் விளைவாக, 2007 ஜனவரியில் துவரை, உளுந்து ஆகியவற்றிலும், பிப்ரவரியில் கோதுமை, அரிசி ஆகியவற்றிலும் முன்பேரம் நிறுத்தப்பட்டது. 2008 மே மாதம் கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, ரப்பர், சோயா எண்ணெய் ஆகியவை சேர்ந்தன. 2009-இல் சர்க்கரையும் சேர்ந்தது.

இதற்கிடையில் அபிஜித் சென் தலைமையில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு 2008-இல் அறிக்கை அளித்தது. கிடைத்த குறுகிய காலப் புள்ளிவிவரங்களைக் கொண்டு, முன்பேரமே விலையேற்றத்துக்குக் காரணம் என்று உறுதியாக நிறுவ இயலவில்லை என அது கூறியது. காரணம் அன்று என்றும் அக்குழு நிறுவவில்லை. ஆனால் சந்தை ஆதரவாளர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்கள். நிறுவப்படவில்லை என்பது குற்றமற்றது என்பதற்குச் சான்றாகிவிட்டது. உணவைப் பொறுத்தவரை எச்சரிக்கையின் சுமை எங்கே இருக்க வேண்டும்? பசித்தவர் தன் பசிக்குக் காரணத்தை நிரூபிக்க வேண்டுமா, லாபம் தேடுபவர் தன் வணிகம் தீங்கற்றது என்பதை நிரூபிக்க வேண்டுமா?

கொத்தவரையும் மிளகும்

கட்டுப்பாடு இருந்தால் போதும், தடை வேண்டாம் என்போர் மூன்று நிகழ்வுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது கொத்தவரை. ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளையும் இந்தப் பயிரின் விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின், அமெரிக்காவில் பாறை எரிவாயு எடுக்கும் தொழிலுக்குத் தேவைப்பட்டது. தேவை உண்மையாகவே உயர்ந்தது. ஆனால் 2011 அறுவடைக் காலத்தில் குவிண்டால் நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் அளவில் இருந்த விதை, 2012 மார்ச்சில் 25,000 ரூபாயைத் தாண்டிச் சென்றதைத் தேவை ஒன்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. பிசின் ஒரு லட்சத்தை ஒட்டியது. ஆணையம் பிணைத்தொகையை உயர்த்தியது, உச்சவரம்பைக் குறைத்தது, விலை நிற்கவில்லை. இறுதியில் 2012 மார்ச்சில் வர்த்தகத்தையே நிறுத்த நேர்ந்தது. இந்த உயர்வால் பயனடைந்தவர் யார்? கடனை அடைக்க அறுவடைக்களத்திலேயே விற்றுவிட்ட சிறு விவசாயி அல்லர்; வாங்கி இருப்பு வைத்தவரே. உச்ச விலையைக் கண்டு மறு பருவங்களில் கொத்தவரையைப் பெருமளவில் விதைத்த விவசாயி, சில ஆண்டுகளில் விலை பழைய நிலைக்கே வீழ்ந்ததைத்தான் கண்டார்.

இரண்டாவது மிளகு. கொச்சியில் மிளகு முன்பேரத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 2012 இறுதியில், வர்த்தக மையத்தின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் பூசப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, உணவுப் பாதுகாப்புத் துறையினர் அதற்கு முத்திரையிட்டனர். தரச்சான்று பெற்ற மிளகு என்று காகிதத்தில் கைமாறிக்கொண்டிருந்த சரக்கின் நிலை அது.

மூன்றாவது என்.எஸ்.இ.எல். நெருக்கடி. உடனடி வர்த்தகம் நடத்துவதாகக் கூறி இந்த மையம் 2007-இல் அரசிடம் விதிவிலக்குப் பெற்றது. 1952 சட்டத்தின்படி உடனடி ஒப்பந்தம் 11 நாட்களுக்குள் முடிவடைய வேண்டும். இங்கோ இரண்டு நாளில் வாங்கி இருபத்தைந்து நாளில் விற்கும் இரட்டை ஒப்பந்தங்கள் ஓடின. உண்மையில் அது சரக்கு வணிகமே அன்று. சரக்கின் பெயரால் நிலையான வட்டி தரும் வட்டிக்கடை. 2013 ஜூலை 31 அன்று வர்த்தகம் நிறுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 5,600 கோடி ரூபாய் திரும்பாமல் நின்றது. சுமார் 13,000 பேர் பாதிக்கப்பட்டனர். ரசீதில் இருந்த சரக்கு பல கிடங்குகளில் இல்லை.

இந்த மூன்றிலும் ஒழுங்குமுறை அமைப்பு இருந்தது, விதிகளும் இருந்தன. ஆனால் முன்பேரச் சந்தைகள் ஆணையத்துக்கு நேரடியாக அபராதம் விதிக்கும் அதிகாரம்கூட இருக்கவில்லை. 2003-இல் சந்தையைத் திறந்துவிட்ட அரசு, அதைக் கண்காணிக்கும் அமைப்பை வலுப்படுத்தப் பத்தாண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஆணையம் செபியோடு இணைக்கப்பட்டது. அதிகாரம் கூடியது மெய்யே. ஆனால் அதுவரை நுகர்வோர் நலத்துறையின் பொறுப்பில் பெரும்பகுதிக் காலம் இருந்த பொருள், இப்போது முதலீட்டாளர் நலனைக் காப்பதற்கென உருவான அமைப்பின் கைக்குப் போனது. செபிக்குப் பங்கு வாங்குபவரும் தெரியும், விற்பவரும் தெரியும். துவரம்பருப்பு வாங்கும் குடும்பத் தலைவி அதன் சட்டத்தில் எங்கும் இல்லை.

கட்டுப்பாட்டுக் கருவிகளின் எல்லை

அரசின் கையில் உள்ள கருவிகள் எவை என்பதை ஊழியர்கள் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. பிணைத்தொகையை உயர்த்தினால் பந்தயத்தின் பெருக்கம் குறையும். ஆனால் அது சிறு வணிகரை வெளியேற்றும் அளவுக்குப் பெரும் பணத்தை வெளியேற்றாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு விதிக்கலாம். பல பெயர்களில், பல தரகர்கள் வழியாக ஒரே கூட்டம் இயங்கும்போது வரம்பு காகிதத்தில் நிற்கும். அன்றாட விலை ஏற்ற இறக்கத்துக்கு எல்லை வகுக்கலாம்; ஏற்றம் அதனால் நாட்கணக்கில் பரவுமே தவிர நின்றுவிடாது. சரக்கைக் கட்டாயமாக ஒப்படைக்கச் செய்வது உள்ளவற்றில் வலுவான கருவி. அதற்கு நம்பகமான கிடங்கு வேண்டும். கிடங்குகளை ஒழுங்குபடுத்த 2007-இல் சட்டம் வந்தது, என்.எஸ்.இ.எல். நெருக்கடி அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து நேர்ந்தது.

வளர்ந்த முதலாளித்துவ நாடுகளில் கட்டுப்பாடு சிறப்பாக இருக்கிறது என்பது மற்றொரு வாதம். அமெரிக்காவின் கதையைப் பார்க்கலாம். 1955-இல் இரண்டு வணிகர்கள் சிகாகோவில் வெங்காயத்தை ஏறத்தாழ முழுதும் வளைத்துப்போட்டு, பிறகு விலை வீழ்ச்சியின் மீதே பந்தயம் கட்டினார்கள். 1956 மார்ச்சில் ஐம்பது பவுண்டு வெங்காய மூட்டை பத்து சென்டுக்கு விற்றது. வெறும் சாக்கின் விலை அதைவிட அதிகம். விவசாயிகள் கொந்தளித்தனர். 1958-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வெங்காய முன்பேரத்தைச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே ஒரு பொருளில் நிரந்தரத் தடை சாத்தியமாயிற்று என்றால், இந்தியாவில் மட்டும் அது ஏன் காட்டுமிராண்டித்தனம் ஆகிறது?

அதே அமெரிக்கா 2000-இல் சட்டத்தைத் தளர்த்தியது. ஓய்வூதிய நிதிகளும் வங்கிகளும் சரக்குக் குறியீடுகளில் பணத்தைக் கொட்டின. 2003 இறுதியில் 1,300 கோடி டாலராக இருந்த இந்த முதலீடு, 2008 மார்ச்சில் 26,000 கோடி டாலரானது என்று அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளிக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் ஹெய்தியிலும் எகிப்திலும் மக்கள் உணவு கேட்டு வீதிக்கு வந்தனர். ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே போனது. உலகின் எண்ணெய்த் தேவை ஐந்து மாதத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடவில்லை. வந்த பணம் வெளியேறியது, அவ்வளவே. 2020 ஏப்ரல் 20 அன்று எண்ணெய் விலை சுழியத்துக்கும் கீழே சென்றபோது, எம்.சி.எக்ஸ். பீப்பாய் ஒன்றுக்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தது. எண்ணெயை விற்பவரே பணமும் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். விலையைக் கண்டறியும் சந்தை கண்டறிந்த விலை இது.

விவசாயிக்கு விலை தெரிகிறதா?

தடைக்கு எதிராக விவசாயியின் பெயரே அடிக்கடி பயன்படுத்தப்படுவதால் அதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்தவை. சராசரி உடைமை 1.08 ஹெக்டேர். கொண்டைக்கடலையின் விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னைச் சற்றே தாண்டும். வர்த்தக மையத்தில் கொண்டைக்கடலையின் ஓர் ஒப்பந்தம் 10 டன். சராசரி விவசாயி தன் நிலம் முழுவதும் கடலை விதைத்தாலும், ஒரே ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற எட்டுப் பேரின் விளைச்சல் வேண்டும். அதற்கும் மேலாகத் தரச்சோதனை, கிடங்குக் கட்டணம், பிணைத்தொகை, விலை எதிராக அசைந்தால் அன்று மாலையே கட்ட வேண்டிய கூடுதல் பணம். விதைக்கே கடன் வாங்குகிறவர் இதை எங்கிருந்து கட்டுவார்?

உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக விவசாயிகளைச் சேர்க்கலாம் என்கிறார்கள். கூட்டுறவாக ஒன்றுசேர்வது வரவேற்கத்தக்கது. ஆனால் அவர்களைச் சேர்க்க வேண்டிய இடம் பொதுக் கொள்முதல் மையம். சாந்தகுமார் குழு 2015-இல் அளித்த அறிக்கையின்படி, குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் முகமைகளிடம் விற்கும் விவசாயிகள் ஆறு விழுக்காடு மட்டுமே. மீதமுள்ள 94 விழுக்காட்டினருக்குக் கொள்முதல் மையத்தை மறுத்துவிட்டு, கணினித் திரையில் ஓடும் விலையைக் காட்டுவது கேலிக்கூத்து.

இருப்பினும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. மகாராஷ்டிரத்தின் ஷேத்கரி சங்கடனா போன்ற அமைப்புகள் தடையை நீக்கக் கோருகின்றன. தடை இருந்த காலத்திலேயே சோயா விவசாயிகள் நலிந்தார்கள் என்பதும் உண்மை. 2024-25 பருவத்துக்குச் சோயாவின் ஆதரவு விலை 4,892 ரூபாய். மராத்வாடா, மால்வா மண்டிகளில் அறுவடைக் காலத்தில் அதைவிடப் பல நூறு ரூபாய் குறைவாகவே விற்றது. விலை ஏறும்போது தடை போடும் அரசு, விலை விழும்போது எங்கே போனது என்று விவசாயி கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்குத் ‘தடை நல்லது’ என்று மட்டும் பதில் சொல்லும் ஊழியர் அந்தக் கிராமத்தில் நிற்க முடியாது.

சோயாவின் விலை எதனால் வீழ்ந்தது? நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அதன் மீதான சுங்கவரியை அரசு முன்பு பெரிதும் குறைத்திருந்தது. 2024 செப்டம்பரில்தான் மீண்டும் உயர்த்தியது. ஆதரவு விலை அறிவிக்கப்பட்டதே தவிர, போதிய கொள்முதல் நடக்கவில்லை. முன்பேரம் இயங்கியிருந்தாலும் இந்த இரண்டும் மாறியிருக்காது. வீழும் விலையின் மீது பந்தயம் கட்டியவருக்கு லாபம் கிடைத்திருக்கும்.

தடை மட்டும் போதுமா?

இதே நேர்மையோடு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2007 முதல் துவரையில் முன்பேரம் இல்லை. ஆயினும் 2015 அக்டோபரில் பல நகரங்களில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது. கோதுமையில் 2021 இறுதியில் தடை வந்தது. ஆயினும் 2022-இல் விலை ஏறி, மே மாதம் ஏற்றுமதியைத் தடை செய்ய நேர்ந்தது. 2023 ஜூனில் இருப்பு வரம்பும் விதிக்கப்பட்டது. விளைச்சல் குறைவு, பதுக்கல், இறக்குமதிச் சார்பு, பெருவணிகத்தின் ஏகபோகம் ஆகியவை முன்பேரம் இல்லாமலும் விலையை ஏற்றும். தடை என்பது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றும் கையைப் பிடிப்பது. தீயை அணைக்கத் தண்ணீரும் வேண்டும். இங்கே தண்ணீர் என்பது கொள்முதலும் பொது விநியோகமும்.

ஆகவேதான் 2020-இல் கொண்டுவரப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தைத் திருத்தியது. தோட்டப் பயிர்களின் விலை நூறு விழுக்காடும், கெட்டுப்போகாத வேளாண் உணவுப் பொருள்களின் விலை ஐம்பது விழுக்காடும் உயர்ந்தால் மட்டுமே இருப்பு வரம்பு விதிக்கலாம் என்றது அது. வரம்பின்றிப் பதுக்கும் உரிமையும், அந்தப் பதுக்கலின் மீது முன்பேரம் நடத்தும் உரிமையும் ஒருவருக்கே கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்த விவசாயிகள் மண்டியை மட்டுமல்ல, நகரத் தொழிலாளியின் சமையலறையையும் காத்தார்கள். சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த மாதமே ஏழு பொருள்களில் முன்பேரமும் நிறுத்தப்பட்டது.

ஆனால் பின்வாங்கல் நிரந்தரமன்று. விவசாயப் பொருள் அல்லாத ஒப்பந்தங்களில் அந்நிய நிதி முதலீட்டாளர்களை அனுமதிக்க 2022-இல் செபி முடிவெடுத்தது. 1952 சட்டம் தடை செய்திருந்த ஆப்ஷன் ஒப்பந்தங்கள் 2018 முதல் விவசாயப் பொருளிலும் நுழைந்துவிட்டன. இன்று இச்சந்தைகளின் பெரும்பகுதி வர்த்தகம் தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், உலோகங்கள் ஆகியவற்றில்தான் நடக்கிறது. வளர விரும்பும் மூலதனத்தின் பார்வை மீண்டும் உணவின் மீது திரும்பும் என்பதில் ஐயமில்லை.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவதாக, தானியங்கள், பருப்பு வகைகள், சமையல் எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றில் முன்பேர வர்த்தகத்தை நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டும். ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் உத்தரவு ஒவ்வோர் ஆண்டும் பேரத்துக்கு இடம் தருகிறது.

இரண்டாவதாக, முழு உற்பத்திச் செலவின் மீது ஐம்பது விழுக்காடு சேர்த்துக் கணக்கிட்ட ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதமும், பருப்பு, எண்ணெய் வித்துக்கள் உள்ளிட்ட பயிர்களுக்கு உண்மையான கொள்முதலும் வேண்டும். விதைக்கும்போதே விலையை அறியும் உரிமை விவசாயிக்கு இதன் வழியாகவே கிடைக்கும். ‘விலையைக் கண்டறிதல்’ என்ற வாதத்துக்கு இயக்கத்தின் பதில் இதுவே.

மூன்றாவதாக, பருப்பும் எண்ணெயும் அடங்கிய அனைவருக்குமான பொது விநியோக முறை வேண்டும். பெருநிறுவனங்களின் உணவு இருப்பை வெளிப்படையாக அறிவிக்கவும், வரம்பை மீறினால் நடவடிக்கை எடுக்கவும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வலுப்பெற வேண்டும்.

நான்காவதாக, முன்பேரம் தொடரும் மஞ்சள், பருத்தி, கொத்தவரை போன்ற பயிர்களில் சரக்கு ஒப்படைப்பு கட்டாயமாக வேண்டும். பெரும் அளவில் ஒப்பந்தம் வைத்திருப்போரின் பெயர்கள் வெளியிடப்பட வேண்டும். கிடங்குகள் பொதுத்துறையிலும் கூட்டுறவிலும் விரிவடைய வேண்டும். விவசாயிகள், நுகர்வோர் ஆகியோரின் பிரதிநிதிகள் இடம்பெறும் தனி ஒழுங்குமுறை அமைப்பு இதற்குத் தேவை. 2013 முதல் விவசாயம் அல்லாத பொருள்களின் மீது உள்ள பரிவர்த்தனை வரி 0.01 விழுக்காடு மட்டுமே. ஊக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அது உயர வேண்டும்.

தோழர்களே, நியாயவிலைக் கடையின் முன் வரிசையில் நிற்பவரும், மண்டியில் மூட்டையோடு இரவு முழுதும் காத்திருப்பவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் என்று முதலாளித்துவ ஊடகங்கள் காட்ட முயல்கின்றன. விலை ஏறினால் விவசாயிக்கு நன்மை, இறங்கினால் நுகர்வோருக்கு நன்மை என்ற கணக்கு அவர்களுடையது. விவசாயி விற்ற விலைக்கும் தொழிலாளி வாங்கிய விலைக்கும் இடையில் உள்ள தொகை எங்கே போகிறது என்பதை இரு தரப்பாரிடமும் எடுத்துச் சொல்வது கட்சி ஊழியர்களின் வேலை. அடுத்த முறை தடையின் கெடு முடியும் வேளையில் நிதியமைச்சகத்தின் கதவைத் தட்டுவோர் தரகு நிறுவனங்கள் மட்டுமாக இருக்கக்கூடாது. விவசாயிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் தத்தம் பகுதிகளில் இந்தக் கோரிக்கைகளை விளக்கிக் கையெழுத்து திரட்டி, கூட்டங்கள் நடத்தி, அந்தக் கதவின் முன் மக்களை நிறுத்த வேண்டும். அதற்கான தயாரிப்பு ஒவ்வொரு கிளையிலும் இப்போதே தொடங்கட்டும்.